கச்சேரி யாரையும் கடிக்கவில்லை

பிள்ளை,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனில் நான் சொன்னதை நீ நம்பவில்லை. உன் மாமியாரும் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். போன் என்றால் நடுவில் யாராவது புகுந்து கதைப்பார்கள், எனக்கும் கோபம் வந்து வைத்துவிடுவேன். கடதாசி என்றால் கடைசி வரி வரைக்கும் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். இதை நீ மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைக்கவேண்டாம். மாப்பிள்ளையிடம் கொடு, அவர் வாசித்ததும் அவருடைய அம்மாவிடம் கொடுக்கட்டும். வெள்ளவத்தை வீட்டில் நாய் என்னைக் கடித்த கதையை நீ சொல்லிச் சிரித்தபோது யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரும் வாசிக்கலாம். எனக்கு வெட்கமில்லை. வெட்கம் இருக்கிறது, ஆனால் அதற்காக எழுதாமல் விடமாட்டேன்.

உன் மாமியார் மரியாதையாகத்தான் கதைத்தார், அதை நான் மறுக்கவில்லை. "சம்பந்தி, குறை நினைக்காதேங்கோ. தலைப்பிள்ளை தாய்வீட்டில பிறக்கிறதுதான் முறை, அதுக்கு நாங்கள் மறுப்பில்லை. ஆனா கடிக்கிற நாய் நிக்கிற வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையை நம்பி எப்பிடி விடுறது? அது போனாப் பிறகு சொல்லுங்கோ, நாங்களே கொண்டுவந்து விடுறம்" என்றார். அது கடிக்கிற நாய் இல்லை என்று நான் சொன்னேன். உங்களைத்தானே கடித்தது என்றார். என்னையும் கடிக்கவில்லை என்றேன். பிறகு, காய்ச்சல்காரனோடு கதைப்பதுபோல மெதுவாக, பேரப்பிள்ளை இங்கே பிறக்கவேண்டும் என்ற ஆசையில் இப்படிச் சொல்கிறீர்கள், விளங்குகிறது என்றார். அந்த 'விளங்குகிறது' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. அதற்குள் நீ போனை வாங்கினாய். "அப்பா, எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ. ஊசி போட உங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? நான்" என்றாய்.

நான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. அதை எல்லோரும் நம்பினீர்கள். ஆஸ்பத்திரியே நம்பி எழுதிக் கொடுத்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அது பொய்யாம். இதை யாரிடம் போய் முறைப்பாடு செய்வது?

சரி. முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குற்றத்துக்கு வருகிறேன். இந்த வீட்டுக்குள் நாயைக் கொண்டுவந்தது நானில்லை. நீ. வேலையால் வரும் வழியில், ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில், சீமெந்துப் பையில் சுற்றி ஒரு கபில நிறப் பெட்டையைக் கொண்டுவந்து இறக்கினாய். உடம்பு முழுக்கச் சொறி, ஒரு மயிர் இல்லை. "பத்து நாள் அப்பா, பத்தே பத்து நாள். எங்கட ஆக்கள் அதுக்கு ஒரு வீடு பாப்பினம்" என்றாய். 'எங்கட ஆக்கள்' என்று நீ சொன்னது நாங்கள் இல்லை, தெருநாய்களைத் தூக்கிவந்து சுகப்படுத்தி ஆட்களுக்குக் கொடுக்கிற உன் கூட்டாளிகள். அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் கத்தினேன். நாய் வந்தால் நான் சாம்பல்தீவில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மட்டையில் சட்டம் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. நாய்க்குப் பெயர் வைக்கக்கூடாது, பெயர் வைத்தால் நிரந்தரமாகிவிடும். மீன் தலை தவிர மீன் கொடுக்கக்கூடாது.

அந்த மட்டை இன்னும் கதவில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொன்றையும் முதலில் மீறியது நான்தான் என்று உன் அம்மா வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நீயும் பிள்ளை பிறந்தபின் சட்டம் போடுவாய். போடு, சட்டம் வேண்டும். ஆனால் எழுதிக் கதவில் ஒட்டாதே. ஒட்டினால் நீ மீறுகிற நாளை வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பெயர் வைக்கக்கூடாது என்றதால் பிடித்த இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டோம். முதல் வந்தது பெற்றோல்செட். பிறகு கோட்டையடி, பிறகு சந்தை, பிறகு ஒரே பெட்டியில் நாலு குட்டிகள் வந்தன, அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாலத்தடி. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் நின்று நான் "கோட்டையடி, இஞ்ச வா" என்று கூப்பிட, பக்கத்து வீட்டுக் கந்தோர்க்காரர் இவருக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். துறைமுகத்தில் வின்ச் திருத்தப் பழகியதும் புத்தகத்தில் படத்தைப் பார்த்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான். நாய் வருத்தங்களையும் அப்படித்தான் படித்தேன். குளிசையை எந்தப் பக்கத்துக் கடைவாயால் தள்ளுவது, சொறி நாயைக் கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுவது, புதிதாக வந்ததைப் பழையதோடு எத்தனை நாள் சேர்க்காமல் வைப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நீகூட என்னிடம் கேட்டுத்தான் செய்தாய். அதை இப்போது மறந்திருப்பாய்.

காலையில் இந்த வீடு எப்படி எழும்பும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா பெரிய சட்டியில் குறுணலும் பூசணிக்காயும் அவிப்பார். நான் சந்தையால் மீன் தலை கொண்டுவருவேன். முள் எடுக்க ஒருவர், தட்டு வைக்க ஒருவர், ஒன்று மற்றதின் தட்டுக்குப் போகாமல் நடுவில் தடியோடு ஒருவர். தடியோடு நின்றது நீ. அடித்ததில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாய். ஊருக்குள் திரிகிற மான் வாசலில் வந்து நின்றால் எல்லாம் ஒரே நேரத்தில் குரைக்கும். பிறகு அவை படுத்த படங்கைக் கழுவி, பாய் வெயிலில் போட்டு, மணி எட்டாகும்போது நீ வேலைக்குப் புறப்படுவாய், உன் சட்டையில் எப்போதும் மயிர் இருக்கும். ஒரு நாள்கூட அதை நான் தட்டிவிட்டதில்லை. இப்போது நினைக்கிறேன், ஏன் தட்டிவிடவில்லை என்று. தெரியவில்லை.

இனிக் கச்சேரி. மாரியில், அரசாங்கக் கச்சேரிக் கட்டிடத்துக்குப் பின்பக்கத்து மதிலோரம் கிடந்தது. வாகனம் அடித்துப் பின்னங்கால் முறிவு. கொண்டுவந்தவர் கிண்ணியா நானா, எங்கள் ஓட்டோக்காரர். நாய் எச்சில் பட்டால் மார்க்கப்படி அவர் கழுவித் துடக்குப் போக்கவேண்டும், அதனால் கை வைக்கமாட்டார். ஆனால் நாய்க்குக் கீழே விரிப்பதற்கென்றே ஒரு நீலப் படங்கு வைத்திருந்தார், மழையில் தான் நனைந்துகொண்டு அந்தப் படங்கோடு சேர்த்து நாயை இறக்கினார். காலுக்கு டொக்டர் போட்ட கட்டு இரண்டாம் நாள் கழன்றுபோக, நான் பழைய ரீவி அன்ரனாக் குழாயை வெட்டித் தட்டி, உள்ளுக்குத் துணி வைத்துக் கட்டினேன். டொக்டர் பார்த்துவிட்டு இதை மாற்றவேண்டாம் என்றார். அது உனக்கு முன்னால்தான் சொன்னார்.

அந்த நாய்க்கு ஒரு பழக்கம். சந்தோசம் வந்தால் மேலுதட்டைத் தூக்கிப் பல்லு முழுவதையும் காட்டும். தலையைக் குனிந்து, வாலை ஆட்டி, பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டிக்கொண்டுதான் காட்டும். ஆனால் பார்க்கிறவர்கள் வாலைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்ப்பார்கள். கலியாணத்துக்கு முன்பு உன் மாமியார் இங்கே வந்தபோது அது ஓடிப்போய் அவருக்கும் அப்படித்தான் காட்டியது. அவர் தாம்பாளத்தோடு இரண்டு அடி பின்னால் போனார். அது சிரிக்கிறது என்று நீ சொன்னாய். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

உன் கலியாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. அந்த மாதம் முழுக்க நீ வீட்டை வெறுமையாக்கிக்கொண்டிருந்தாய். சந்தை போனது, பாலத்தடிக் குட்டிகளில் கடைசியும் போனது. "நான் போறதுக்கு முதல் எல்லாத்துக்கும் ஒரு வீடு பாத்துட்டுப் போறன், அம்மாவுக்கும் உங்களுக்கும் வில்லங்கம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை. மிஞ்சினது கச்சேரி ஒன்றுதான். அதற்கும் இறக்கக்கண்டியில் ஒரு டீச்சரைப் பிடித்துவிட்டாய். கடலோரத்தில் காணி, சுற்றி வேலி, நாய் ஓட இடம். வீட்டில் படுக்கையாகக் கிடக்கிற தாய்க்கு ஒரு துணையாக இருக்கும் என்று கேட்டாராம். இதைவிட நல்ல வீடு அந்த நாய்க்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இப்போதும் தெரியும்.

அன்று காலை நான் நாய்க்கூட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நாய் இல்லாத வீட்டுக்குக் கூடு எதற்கு என்று நினைத்துத்தான். தகரம் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணியால் சுற்றிவிட்டார். நீ அப்போது மணவறைக்காரரோடு போனில் நின்றாய். பத்து மணிக்கு டீச்சரும் அவருடைய கணவரும் வந்தார்கள். டீச்சர் கதிரையில் இருக்கவில்லை, நிலத்தில் இருந்தார். கச்சேரி போய்ப் பல்லைக் காட்டியது. "ஐயோ, இவர் சிரிக்கிறாரே" என்றார் டீச்சர். எத்தனையோ பேர் வந்துபோன வீடு இது. முதல் பார்வையிலேயே அது சிரிப்பு என்று கண்டுகொண்ட ஆள் அவர் ஒருவர்தான். நாய் அவருடைய மடியில் தாடையை வைத்தது. கழுத்துப்பட்டி ஒன்று புதிதாக, சிவப்பு, பையால் எடுத்தார். அப்போது என் கையைப் பார்த்துவிட்டு, கைக்கு என்ன ஐயா என்று கேட்டார்.

"இவன்தான் கடிச்சவன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. யோசித்துச் சொல்லவில்லை. அந்த நிமிசத்துக்கு முன்பு அப்படி ஒரு நினைப்பே என்னிடம் இருக்கவில்லை. என் வாய் சொன்னதை என் காது கேட்டது, அவ்வளவுதான். டீச்சரின் கை நாயின் தலையில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை, ஆனால் தடவுவதை நிறுத்தினார். அவருடைய கணவர்தான், வீட்டில் எழும்ப ஏலாத மனுசி கிடக்கிறா, கடிக்கிறதென்றால் யோசிக்கவேண்டும் என்றார். நியாயம்தானே. அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கழுத்துப்பட்டியைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை, கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏற்றியபோது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் இருந்தபோது சொல்லியிருக்கலாம். அந்த நாய்க்கு அப்போது ஒரு தடுப்பூசிதான் போட்டிருந்தது, ஆகவே எனக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார்கள். தாதி துணியில் கை வைக்கவும் உனக்குப் போன் வந்து நீ வெளியே போகவும் சரியாக இருந்தது. அவள் அவிழ்த்துப் பார்த்து, பல்லு இழுத்திருக்கு என்றாள். யாருடைய நாய் என்று தாதி கேட்டாள். எங்கட நாய் என்றேன். அதற்குள் நீ திரும்பிவந்து, "எங்கட இல்லை மிஸ், ஒரு ஆள் எடுக்கும் மட்டும் வச்சிருக்கிறம்" என்று திருத்தினாய். அந்தத் திருத்தத்தோடு எனக்கு இருந்த கொஞ்ச மனமும் போய்விட்டது. சட்டையைத் தூக்கினேன். குத்தினார்கள்.

ஊசி என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். கடிக்காத கடிக்கு நான் ஒரு தடவைகூடத் தவறாமல் போனேன். உன் கலியாணத்துக்கு முதல் நாளும் போனேன். கலியாணப் படத்தை எடுத்துப் பார், எல்லோரும் அரிசி போடக் கையைத் தூக்கியிருக்கிறார்கள், நான் இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்பாவுக்குக் கவலை என்று எல்லோரும் சொன்னார்கள். கவலை இல்லை, தோள் வீங்கியிருந்தது. கவலையும் இருந்திருக்கலாம். இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எனக்குப் போட்டது எனக்குச் சரி. நாய்க்கு நடந்ததுதான் சரியில்லை. கடித்த நாயைப் பதினாலு நாள் கட்டிவைத்துப் பார்க்கவேண்டும் என்பது உங்கள் ஆட்களின் முறை. நல்ல முறைதான், நான்தான் அதை உனக்கு முதலில் வாசித்துக் காட்டியவன். கட்டினேன். என் கையாலேயே சங்கிலி போட்டேன். வீடு முழுக்கப் பந்தலும் பலகாரமும் ஆட்களும், அது பின்வளவில் முருங்கைக்குக் கீழே கட்டுண்டு கிடந்தது. நான் சாப்பாடு வைக்கப் போனால் அப்போதும் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். நீ புறப்பட்டுப் போன அன்றும் சங்கிலியில்தான் நின்றது. கார் ஒழுங்கையால் திரும்பும் மட்டும் வாலை ஆட்டியது, காரிலிருந்து பார்த்தாயோ தெரியாது. உங்கள் ஆட்களின் இன்ரநெற் பக்கத்தில், அதன் படத்துக்குக் கீழே, 'கடிக்கும், சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உகந்ததல்ல' என்று ஏறிவிட்டது. நீதான் ஏற்றினாய். நான் சொன்னதை நம்பி ஏற்றினாய். அன்றிலிருந்து அதை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வருசமாகிறது. பிறகு உன் கூட்டாளிகள் கொண்டுவந்து விட்ட நாய்கள் எல்லாம் போய்விட்டன, ஒரு கண் இல்லாததுகூடப் போய்விட்டது.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது, இல்லையா? நாய் இங்கேதான் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஆட்கள் வந்து வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் இது முன்னுக்குப் போய்ச் சிரிக்கும், அவர்கள் கால்களை இழுப்பார்கள். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதற்கா ஆசைப்பட்டேன்?

செவ்வாய்க்கிழமை போனை வைத்தபின் அம்மாவிடம் போனேன். குசினியில் கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கதவில் ஒட்டியிருந்த மட்டையை வாசிப்பதுபோல நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "அது தகரம் கிழிச்ச காயம் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்குக் காலமையே தெரியும். கையைக் கழுவினது ஆர்? தகரத்தில இருந்த ரத்தத்தைக் கழுவினது ஆர்?"

பிறகு ஏன் பேசாமல் இருந்தாய் என்று கொஞ்சம் பலமாகத்தான் கேட்டேன். இரண்டு வருசம் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு சொல் சொல்லவில்லை.

"ஊசியைக் கண்டா ஓடுற மனிசன், எத்தினை ஊசி வரைக்கும் போறார் எண்டு பாப்பம் எண்டு இருந்தனான்" என்றார். பிறகு மீனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான். நீங்கள் சொல்லேல்லை. பிள்ளையும் போயிட்டாள். நாயாவது நிக்கட்டும் எண்டு விட்டுட்டன். எனக்கும் அது போறது விருப்பமில்லை, இஞ்சேருங்கோ. நான் பொய் சொல்லேல்லை, அவ்வளவுதான்."

உன் அம்மா என்னைப்போல இல்லை, எதற்கும் காரணம் தெரிந்து வைத்திருப்பார். "பிள்ளையை மறிக்க உங்களுக்கு ஏலாது. நாயை மறிச்சீங்கள்" என்றார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். உன்னை மறிக்க நான் நினைத்ததே இல்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். பந்தல் வாசலுக்கு வளைவு வளைத்தது யார்? கையில் கட்டோடு நான்தான். மறிக்க நினைக்கிறவன் வளைவு வளைப்பானா? ஆனால் அம்மா சொன்னதிலிருந்து அந்த வளைவும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அதை நான் மூன்று தரம் கழற்றித் திரும்ப வளைத்தேன், உனக்குத் தெரியாது. அளவு சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நானாவைக் கூப்பிட்டு, கச்சேரியையும் ஏற்றிக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனேன். டீச்சருக்கு உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னபின் என்ன என்பதை யோசிக்கவில்லை. சாம்பல்தீவு தாண்டினோம். நானாதான் கண்ணாடியில் பார்த்து, என்ன ஐயா, இவரைக் குடுத்திட்டு வரப் போறீங்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். நாய் கடிக்காது என்று சொல்லப் போகிறேன் என்றேன். "அது கடிக்காதுண்டு எனக்கு எப்பயோ தெரியும் ஐயா. தொடாத ஆள் நான், எனக்கே தெரியும். நீங்க தொட்டு வளக்கிற ஆள், உங்களுக்கு இப்பயா தெரியும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஓட்டோவில் இருந்து என்ன கோபம்.

டீச்சர் எங்களை நாயைக் கண்டுதான் அடையாளம் பிடித்தார். கச்சேரி படங்கை விட்டிறங்கி நேரே போய்ப் பல்லைக் காட்டியது. அவர் அன்றைக்குப்போலவே நிலத்தில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அது தகரம் கிழித்தது, நாய் கடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. டீச்சர் கனநேரம் நாயைத்தான் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா அவனைப் பாக்கவே இல்லை, படத்திலதான் பாத்தவ. சிரிக்கிற நாய் எப்ப வரும், எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவ. போன வருசம் கண்ணை மூடிட்டா" என்றார்.

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நான் என்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை, நான் உனக்கு ஒரு புத்தி சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். பொய்யை அன்றைக்கே உடைத்துவிடு. நாள் போனால் அது உன்னைவிட்டுப் போய், நீ அறியாத வீடுகளில், நீ கண்டிராத ஆட்களுக்கு என்னென்னவோ செய்துகொண்டிருக்கும். அந்த மனுசியை நான் கண்டதே இல்லை.

வேறொரு நாய் இப்போது டீச்சரிடம் இருக்கிறது, கடற்கரையில் பிடித்தது. கச்சேரி அதோடு கொஞ்ச நேரம் ஓடி விளையாடியது. முறிந்த கால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். புறப்படும்போது டீச்சர் வாசல் மட்டும் வந்தார். "ஐயா, இவனையும் நான் எடுப்பன். இப்பவும் எடுப்பன். ஆனா நீங்கள் மனதோட தாறதெண்டா மட்டும் தாங்கோ. அடுத்த கிழமை ஞாயிறு வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன்" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாய் தானாகவே ஓட்டோவில் ஏறிவிட்டது. நானா என்னைப் பார்த்தார், ஸ்ரார்ட் பண்ணினார்.

இப்போது நிலைமை இதுதான். உன் மாமியாருக்கு நாய் போகவேண்டும். டீச்சர் எடுக்கத் தயார். நீ வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை நான் கொண்டுபோய் விட்டால் எல்லாம் முடிந்தது, எல்லோருக்கும் சந்தோசம். நீ இப்படித்தான் நினைப்பாய். நான் இரண்டு நாளாக இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு ஓரிடத்தில் இறுகுகிறது. உன் மாமியார் சொன்னதற்காக நாய் போனால், கடிக்கிற நாய் என்பதால் போனது என்றுதான் ஆகும். அந்தப் பொய்யை நான் இரண்டாம் முறையும் சொல்வதாக ஆகும். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அந்த நாய் இந்த வீட்டைவிட்டுப் போவதென்றால் சிரிக்கிற நாயாகத்தான் போகும். அதன் படத்துக்குக் கீழே நீ ஏற்றியதை நீதான் எடுக்கவேண்டும். உங்கள் ஆட்களுக்கு நான் எழுதினால் எடுப்பார்கள்தான், ஆனால் நான் எழுதமாட்டேன். நீ எடுக்கவேண்டும். நீ நம்பி எடுக்கவேண்டும்.

ஆகவே, நீ என்னை நம்பவில்லை என்றால் நாயை நான் அனுப்பமாட்டேன். நம்பினாயென்றால் நாயை அனுப்பத் தேவையே இல்லை. அப்படியானால் டீச்சருக்கு நான் என்ன சொல்வது? அந்த மனுசியின் கட்டில் வெறுமையாகக் கிடக்கிற வீட்டுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மனதோடு தரவேண்டும் என்கிறார். என் மனம் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை, நான் எதைத் தருவது? நீ வந்து சொல்லு. உன் அறையைக் கழுவிவிட்டோம். கட்டிலின் காலைச் சரிசெய்துவிட்டேன், இனி ஆடாது.

கடைசியாக ஒன்று. நீ நூறு நாய்க்கடி பார்த்தவள். கடி எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டித் தந்ததே நீதான், அது ஒன்றுதான் நான் உன்னிடம் பழகியது. பல்லு குத்தும், துளை விழும், அக்கம்பக்கம் கன்றும். அன்றைக்கு நீ கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை, உனக்கு நூறு அலுவல். இந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் என் இடது கையை வைத்துச் சுற்றிவரக் கீறியிருக்கிறேன். தழும்பையும் அளந்து, இருக்கிற இடத்தில் இருக்கிறபடி கீறியிருக்கிறேன். பெருவிரல் அடியிலிருந்து சின்னிவிரல் பக்கம் மட்டும், ஒரே நேர்கோடு. துளை ஒன்றும் இல்லை. திருப்பிப் பார். உன் மாமியாருக்கும் காட்டு.

பார்த்துவிட்டு எனக்குப் போன் எடு. நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

அப்பா